தெரிந்தவர்களின் கால்

பெரிய வியாழன் மாலையில் பாதம் கழுவப்பெறுவதற்கென்று பொறுக்கியெடுக்கப்பட்ட பன்னிரண்டு பேரும், அன்று மத்தியானமே வீட்டில் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் கோயிலுக்குப் புறப்படுகிறார்கள் என்பது, எங்கள் கட்டபெட்டுப் பக்கத்தில் நான் வெகுகாலமாகக் கவனித்து ரசித்துவரும் ஒரு விசேஷம். கோத்தகிரியிலிருந்து வருகிற சாலை குன்னூருக்கும் உதகைக்குமாகப் பிரிகிற இவ்வூரைச் சுற்றிலும் தேயிலை. மழை பெய்துவிட்டால் அட்டை. இந்தத் தோட்டங்களிலேயே ஆயுசைக் கழித்த ஒரு பெரியவரை ஒரு வருஷம் அந்தப் பன்னிருவரில் சேர்த்திருந்தார்கள். குதிகால் வெடிப்புகளில் ஏறிப்போயிருந்த மண்ணைச் செங்கல் துண்டால் தேய்த்தெடுத்து, தேங்காயெண்ணெயும் தடவிக்கொண்டு வந்து அவர் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். கணுக்காலைச் சுற்றி அட்டை கடித்த வடுக்கள் மிளகைத் தூவினாற்போலக் கறுத்துக் கிடந்தன. பங்குச் சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முன்னே மண்டியிட்டதும், மனிதர் காலைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு, "வேணாஞ் சாமி, வெந்நீர் போட்டுக் கழுவிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார்.

கடைசி இராப்போஜனத்தில் இயேசு சீஷர்களின் பாதங்களைக் கழுவ வந்தபோது முதலில் மறுத்தவர் இராயப்பர் என்பதால், இந்தக் கூச்சத்துக்குப் பூர்வீகப் பெருமை உண்டு. அந்த இராப்போஜனத்தை வருணிக்கிற மற்ற மூன்று சுவிசேஷகர்களும் அப்பத்தையும் இரசத்தையும் சொல்ல, அருளப்பர் மட்டும் அவற்றை விட்டுவிட்டு, ஒரு பாத்திரம் தண்ணீரையும் ஒரு துண்டையும் எடுத்துக்கொள்கிறார். விருந்தாளியின் காலைக் கழுவுவது அந்தத் தேசத்தில் ஊழியக்காரனுடைய வேலை. ஆகையால் குருநாதர் அதைச் செய்ய முற்பட்டபோது சீஷர் பதறியது நியாயமே. ஆனால் அந்தப் பந்தியில் யூதாஸும் இருந்தான் என்பதும், அவன் மனத்தில் இருந்தது இன்னதென்று கழுவுகிறவருக்குத் தெரிந்திருந்தது என்பதும், தெரிந்தும் அவன் கால்களை அவர் தாண்டிப் போகவில்லை என்பதும்தாம் என்னைத் தூங்கவிடாத சங்கதிகள்.

இவ்விடத்தில் என் மனம் எருசலேமை விட்டுப் பெண்ணாகடத்துக்குப் போய்விடுகிறது. அவ்வூர்க் கலிக்கம்ப நாயனார், தம் இல்லத்துக்கு வரும் சிவனடியார்களின் பாதங்களை விளக்கி அமுது செய்விப்பதையே விரதமாகக் கொண்டவர். அவர் விளக்க, மனைவியார் கரகத்திலிருந்து நீர் வார்ப்பது வழக்கம். ஒருநாள் வந்த அடியார்களில் ஒருவர், முன்னே அவர்கள் வீட்டிலேயே ஏவல் செய்து, பிறகு வேலையை விட்டுப் போனவர். இப்போது திருவேடத்தோடு அவர் வந்து நிற்க, அம்மையார் அடையாளம் கண்டுகொண்டார். கை சற்றே தயங்கிற்று. அந்தத் தயக்கத்தின் காரணத்தை உணர்ந்த நாயனார், வாளை எடுத்து அந்தக் கையைத் துணித்து, கரகத்தைத் தாமே வாங்கி, அடியாரின் பாதங்களை விளக்கி முடித்தார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார்.

நாயனாரின் வைராக்கியத்தை நமஸ்கரிக்கிறேன். ஆனால் என் பரிவெல்லாம் அந்த அம்மையாரிடத்தில். அவர் தயங்கியது ஒரு கணம். அதுவும் நாம் எல்லோரும் தினந்தோறும் தயங்குகிற தயக்கம். மேலும், அந்தப் பெரிய வியாழன் இராத்திரியிலும் ஒரு வாள் உருவப்பட்டதை நாம் மறந்துவிடுகிறோம். கால் கழுவப்பெற்று ஜாமம் சில கழிவதற்குள், அதே இராயப்பர் பிரதான குருவின் ஊழியக்காரன் காதை வெட்டினார். அவன் பெயர் மால்குஸ் என்று எழுதிவைத்தவரும் அருளப்பரே. காதைக் குணப்படுத்தியதைச் சொன்னவர் லூக்காஸ் ஒருவரே. பெண்ணாகடத்தில் ஊழியம் செய்தவனுக்காக வாள் எழுந்தது. அங்கே ஊழியம் செய்தவன்மேலேயே வாள் விழுந்தது. கால் கழுவப்பெற்றதனால் மாத்திரம் மனிதசுபாவம் மாறிவிடுவதில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

ஊர் பேர் தெரியாத பரதேசியின் காலைக் கழுவுவது சுலபம். அவருடைய சரித்திரம் நமக்குத் தெரியாது. நேற்றுவரை நம் கொட்டிலில் சாணி அள்ளியவன், வரப்புச் சண்டைக்காரப் பங்காளி, நம்மைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிந்த சிநேகிதன், இவர்களுடைய கால்தான் கனக்கிறது. பிறர்சிநேகம் என்று பிரசங்கங்களில் கேட்கும்போது நாம் மனத்தில் நிறுத்திக்கொள்வது முகமற்ற ஒரு பிறரைத்தான். முகமுள்ள பிறர் வாசலில் வந்து நின்றால் கரகம் தானாகவே நின்றுவிடுகிறது.

பாதம் கழுவுதலை மாலைப் பூசைக்குள்ளேயே நடத்தலாமென்று பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் 1955-இல் வகுத்தார். கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்களாயிருந்தும், அந்தப் பெஞ்சியில் அவர்களுக்குச் சட்டப்படி இடம் கிடைத்தது பிரான்சிஸ் பாப்பரசர் காலத்தில், 2016-இல்தான். திருச்சபை இவ்வளவு நிதானமாகவாவது திருந்துகிறதென்ற தைரியத்தில், நானும் ஒரு திருத்தத்தை உபதேசியாரிடம் சமர்ப்பித்தேன்: ஆள் பொறுக்கும்போது பக்திமான்களை விட்டுவிட்டு, எடை குறைந்ததென்று அரைநாள் கூலியை வெட்டிய மேஸ்திரியையும் கூலி வெட்டுப்பட்டவளையும் எதிரெதிரே உட்காரவைத்து, துண்டை மேஸ்திரி கையில் கொடுக்கலாமே என்றேன். அவர் வெகுநேரம் யோசித்து, "அப்படி ஆரம்பிச்சா விடிஞ்சாலும் பூசை முடியாதுங்க" என்றார். முடியாவிட்டால் என்ன, மறுநாளும் விடுமுறைதானே!