"ரெண்டும் ஐ3 தானே கண்ணு?"

"ரெண்டும் ஐ3 தானே கண்ணு? அப்புறம் எதுக்குப் புதுசு?"

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் அந்த அப்பா, மூன்று வாரமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். பி.காம் கடைசி வருடம் படிக்கும் மகளுக்குப் பதில் தெரியும். சொல்ல ஆரம்பித்தாலே அழுகை வந்துவிடும்.

2011-ல் சீட்டு எடுத்து வாங்கிய லேப்டாப் அது. அந்தத் தெருவுக்கே முதல் லேப்டாப். ராத்திரி உட்கார்ந்து நாலு கடைக்கு டேலி போட்டுக் கொடுத்துத்தான் மகளின் ஸ்கூல் ஃபீஸைக் கட்டினார். கொரோனா காலத்தில் அவள் பாடம் படித்ததும் அதில்தான். அதை யாராவது 'பழசு' என்றால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும்.

மகளின் முதல் ஆன்லைன் இன்டர்வியூவில்தான் சிக்கல் வந்தது. ஸ்க்ரீனை ஷேர் செய்யச் சொன்னார்கள். எக்ஸெல்லைத் திறந்தாள். எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. குரலும் விட்டு விட்டுக் கேட்டது. "பிறகு கூப்பிடுகிறோம்" என்றார்கள். கூப்பிடவே இல்லை.

"நெட்டு சரியில்ல" என்று அப்பா இணைப்பை மாற்றினார். அப்படியும் சரியாகவில்லை. "நீ பதட்டத்துல எதையாச்சும் அமுக்கியிருப்ப" என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தைதான் அவளுக்கு வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழியின் லேப்டாப்பை வாங்கி வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பழையதில் இருப்பது ஐ3-2330எம். புதியதில் ஐ3-1215யு.

அப்பா உடனே கண்டுபிடித்தார். "நம்முளுது 2.2 கிகாஹெர்ட்ஸ். அதுல 1.2-ன்னு போட்டிருக்குது. புதுசு வேகம் கம்மியால்ல இருக்குது!"

"அது நிதானமா போறப்ப இருக்கற வேகம்ங்கப்பா. அவசரம்னா 4.4 வரைக்கும் போகும். நம்முளுது 2.2-க்கு மேல போகவே போகாதுங்க."

ஐ3 என்பது குடும்பப் பெயர் மாதிரி. பக்கத்தில் இருக்கும் எண்தான் தலைமுறையைச் சொல்லும். 2330 என்றால் 2-ம் தலைமுறை. 1215 என்றால் 12-ம் தலைமுறை. முன்னது 2011-ல் வந்தது, பின்னது 2022-ல்.

பனியன் கம்பெனி கணக்கிலேயே மகள் விளக்கினாள். பழையதில் இரண்டு கோர். இரண்டே டெய்லர்கள், ஆளுக்கு இரண்டு வேலை. புதியதில் ஆறு கோர். வேகமான டெய்லர்கள் இரண்டு பேர், சில்லறை வேலைகளுக்கு ஹெல்பர்கள் நாலு பேர். மெஷின் ஒரு சுற்று சுற்றினால் முன்பைவிட அதிகப் பீஸ் இறங்கும். பக்கத்திலேயே துணி அடுக்கி வைக்கும் இடம் மாதிரியான கேஷ் நினைவகம், பழையதில் 3 எம்பி, புதியதில் 10 எம்பி. மின்சாரக் கணக்கு பழையதுக்கு 35 வாட், புதியதுக்கு 15 வாட். அவசர வேகத்தில் ஓடும்போது மட்டும் கொஞ்ச நேரம் அதைவிட அதிகம் இழுக்கும்.

பிறகு ஒரு லேப்டாப்பிலிருந்து இன்னொன்றுக்கு வீடியோ கால் போட்டாள். இன்டர்வியூவில் செய்தது போலவே எக்ஸெல்லைத் திறந்து, ஸ்க்ரீனை ஷேர் செய்தாள். நம் முகத்தைச் சுருக்கி அனுப்ப வேண்டும், எதிரில் இருப்பவர் முகத்தை விரித்துக் காட்ட வேண்டும், ஸ்க்ரீனையும் அனுப்ப வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில்.

பழைய லேப்டாப்பின் ஃபேன் இரைந்தது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 100 சதவிகிதத்தில் போய் நின்றது. மவுஸ் நகரவில்லை. புதியது பாதிகூடத் தொடவில்லை.

அப்பா அந்த 100-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இன்டர்வியூவில் என்ன நடந்தது என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது.

பழையது கெட்டுப்போகவில்லை. டேலியும் டைப்பிங்கும் இன்றும் அதில் நடக்கும். ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் சீக்கிரமாகவும் ஆன் ஆகும். ஆனால், எஸ்எஸ்டி போட்டாலும் கோர் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-டன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பெரும்பாலும் 8-ம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அதனால் வங்கி வேலைகளை அதில் பார்க்காமல் இருப்பதே நல்லது. புதிது வாங்கப் போகிறவர்கள் 'ஐ3', 'ஐ5' என்பதோடு நிற்காமல், அதற்கடுத்த எண்ணையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அடுத்த மாதச் சீட்டை அப்பா தள்ளி எடுத்தார். புது லேப்டாப் வந்தது. பழையதில் எஸ்எஸ்டி போட்டு, நெட்டைத் துண்டித்து, டேலிக்கென்று தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு ராத்திரி, தோழியின் லேப்டாப்பை மகள் பையில் வைக்கும்போது, டிவியைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீ ஒண்ணும் தப்பா அமுக்கல கண்ணு."