கர்னலில் உப்பு ஜாஸ்தி!

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற யாரையாவது நடுராத்திரியில் தட்டி எழுப்பி, 'நீ பார்த்ததிலேயே நீளமான படம் எது?' என்று கேட்டுப் பாருங்கள். 'கர்னல் கம்பைல்' என்பார்கள். கறுப்பு ஸ்க்ரீனில் வெள்ளை எழுத்து மணிக்கணக்காக ஓடும். பாட்டு இல்லை, ஃபைட் இல்லை, இன்டர்வெல்கூட இல்லை. க்ளைமாக்ஸில் மட்டும் 'எரர் 2' என்று ஒரு வரி வந்து பளார் என்று அறைந்துவிட்டுப் போகும்!

அந்த ஒரு வரிக்குப் பயந்து லினக்ஸுக்கே பெரிய கும்பிடாகப் போட்டவர்கள் எங்கள் கிளாஸிலேயே நிறைய பேர். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காத மக்களும் தைரியமாக உள்ளே வரலாம். இந்தக் கதையில் துப்பறிந்தவர் என் அப்பா. அவர் விசைப்படகு டிரைவர்!

கர்னல்னா யாரு பாஸ்?

எங்கள் புதுச்சேரி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் வந்து பாருங்கள். படகுகள் வரிசையாக உள்ளே நுழையும். எந்தப் படகு எங்கே கட்டணும், யார் முதலில் மீன் இறக்கணும், ஐஸ் யாருக்கு என்று ஒருத்தர் பிரித்து விடாவிட்டால் ரகளைதான். கம்ப்யூட்டருக்குள் அந்த வேலையைப் பார்க்கிறவர்தான் கர்னல். மெமரி யாருக்கு எவ்வளவு, பிராசஸர் யாருக்கு எத்தனை நொடி, கீபோர்டு சொல்வது யார் காதுக்குப் போகணும்... எல்லாம் அவர் கையில்.

1991 ஆகஸ்ட் 25-ல், லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர், 'பொழுதுபோக்குக்காக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிட்டிருக்கேன்' என்று அறிவித்தார். அடுத்த மாசமே வந்த முதல் லினக்ஸ் கர்னலில் இருந்தது சுமார் 10,000 வரிகள். இன்றைக்கு 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கர்னல்தான். 2017 நவம்பரிலிருந்து உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையிலும் இருப்பதும் அதுவேதான்.

நம்ம ஊர் கதையும் உண்டு. சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட 'பாஸ் லினக்ஸ்' இதே கர்னலின் மேல் கட்டியதுதான். (இது நான் உங்களைக் கூப்பிடுகிற 'பாஸ்' இல்லை. பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்!) 2011-ல் தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே அதுவும் உட்கார்ந்து வந்தது.

இந்தக் கர்னலின் ஸோர்ஸ் கோடு எல்லோருக்கும் இலவசம். அதில் நமக்குப் பிடித்த மாதிரி நாலு வரி சேர்த்து, மெஷினுக்குப் புரிகிற மொழியில் மாற்றிக்கொள்வதற்குப் பெயர்தான் கம்பைல். எங்களுக்கு செமஸ்டர் ப்ராஜெக்ட்டே அதுதான். சொந்தமாக ஒரு சிஸ்டம் கால் எழுதி, கர்னலோடு சேர்த்து கம்பைல் பண்ணி, ஓட்டிக் காட்டணும்.

நாலு வில்லன்கள்

கம்பைல் நின்றுபோனால் முதல் வேலை, கடைசி வரியைப் பார்க்காதீங்க! 'எரர் 2' என்பது செய்தி மட்டும்தான், காரணம் இல்லை. நாலு வேலையை ஒரே நேரத்தில் ஓட விட்டிருந்தால் ஒன்று செத்த பிறகும் மற்ற மூன்றும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டுத்தான் நிற்கும். நிஜமான காரணம் ஐம்பது, நூறு வரிக்கு மேலே ஒளிந்திருக்கும். வருகிற எழுத்து எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் பிடித்துவைத்து, 'எரர்' என்ற சொல் முதன்முதலாக எங்கே வருது என்று தேடுங்கள். அங்கே பெரும்பாலும் இந்த நாலு பேரில் ஒருத்தர் மாட்டுவார்:

1. ஆயுதம் இல்லாமை: ஃப்ளெக்ஸ், பைசன், லிப்எல்ஃப், ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரி துணைக் கருவிகள் மெஷினில் இல்லை. இன்ஸ்டால் பண்ணினால் தீர்ந்தது.

2. பக்கத்து வீட்டுச் சாவி: டெபியன், உபுன்ட்டுவின் கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி அடித்தால், 'சான்றிதழ் இந்த ஃபைலில் இருக்கு' என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஃபைல் அவங்க வீட்டில் இருக்கு, நம்ம வீட்டில் இல்லை! கான்ஃபிக்கில் 'சிஸ்டம் ட்ரஸ்டட் கீஸ்' என்ற இடத்தைக் காலியாக்கிவிட்டால் வேலை நகரும்.

3. இடப் பற்றாக்குறை: ரேம் போதாவிட்டால் கர்னலே கம்பைலரைப் போட்டுத் தள்ளிவிடும். 'கில்ட்' என்று ஒரே ஒரு சொல்தான் வரும். ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறையுங்கள். ஹார்டு டிஸ்க்கையும் பாருங்கள். டீபக் தகவலோடு கம்பைல் பண்ணினால் சர்வசாதாரணமாக 10 ஜிபியைத் தாண்டும்.

4. தலைமுறை இடைவெளி: பழைய கர்னல், புது கம்பைலர். 2025-ல் வந்த ஜிசிசி 15, சி மொழியின் புதிய சி23 விதிப்படிதான் தானாகப் படிக்கும். அதில் 'ட்ரூ', 'ஃபால்ஸ்' இரண்டும் மொழிக்கே சொந்தமான சொற்கள். பழைய கர்னலோ அதே பெயர்களைத் தன் கோடுக்குள் தானே வைத்துக்கொண்டிருக்கும். மாமியார் - மருமகள் சண்டைதான்! கர்னலுக்கு ஏற்ற வயசில் கம்பைலரைத் தேடிப் பிடியுங்கள்.

இந்த நாலு பேருக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இடத்தில்தான் நிற்பார்கள். அதனால் பிடித்துவிடலாம்.

ஐந்தாவது வில்லன் ஓடிக்கொண்டே இருப்பான்!

எங்கள் வீடு வைத்திக்குப்பத்தில். மாசி மகத்துக்கு ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து இறங்குகிற அதே கடற்கரை. அம்மா சீட்டு எடுத்து வாங்கிக்கொடுத்த செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஜன்னலோரம் இருக்கும். போன வருஷம் மே மாசம், ப்ராஜெக்ட்டுக்காக அதில் கம்பைல் பண்ணினேன். முதல் தடவை ஃபைல் சிஸ்டம் பகுதியில் நின்றது. மறுபடி ஓட்டினால் அந்த இடத்தைத் தாண்டிப் போய் நெட்வொர்க் டிரைவரில் நின்றது. மூன்றாவது தடவை யுஎஸ்பி! ஒவ்வொரு தடவையும் ஒரே புலம்பல்: 'இன்டர்னல் கம்பைலர் எரர்... செக்மென்டேஷன் ஃபால்ட்... சிக்னல் 11.'

நாலு வில்லன்களையும் ஒவ்வொருத்தராக விசாரித்தேன். எல்லாருமே நிரபராதி. டவுன்லோடு பண்ணின ஃபைலின் செக்சம் சரியாக இருந்தது. சர்வீஸ் கடை ஒன்றில் கொண்டுபோய்க் காட்டினால், பத்து நிமிஷம் ஒரு வீடியோவை ஓட்டிப் பார்த்துவிட்டு, 'படம் நல்லாத்தானே ஓடுது? லினக்ஸ் போட்டதால மதர்போர்டு போயிருக்கும். மாத்தினா அஞ்சாயிரம்' என்றார்கள்.

அஞ்சாயிரம்! அது எப்படிப்பட்ட மாசம் தெரியுமா? ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் முட்டையிடுகிற சீஸன் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்பா வீட்டில்தான் இருந்தார். கடன் நோட்டு மட்டும்தான் வேலை செய்துகொண்டிருந்தது. "தடைக்கால நிவாரணம் வந்ததும் அதை எடுத்துக்கம்மா" என்றார் அம்மா. எனக்குத் தொண்டையை அடைத்தது. அரிசிக்கு வைத்திருக்கிற பணம் அது.

அப்பா மட்டும் நிதானமாகக் கேட்டார். "இன்னா பண்ணுது அது?"

"ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுப்பா. ஒவ்வொரு வாட்டியும் வேற வேற எடத்துல கோளாறு காட்டுது."

"அப்ப உள்ள இருக்கற சரக்குல தப்பு இல்ல. படகுல லைட்டு விட்டு விட்டு எரிஞ்சா நாங்க பல்பை மாத்த மாட்டோம். வயர் முனையைத்தான் பாப்போம். களிம்பு ஏறியிருக்கும். கழட்டி மாட்டற எடம் எதுவோ, அங்கதான் உப்பு உக்காரும்."

கம்ப்யூட்டருக்குள் கழற்றி மாட்டுகிற இடம்? ரேம்!

மெம்டெஸ்ட்86+ என்ற இலவச புரோகிராமை பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து மெஷினை பூட் பண்ணினேன். பத்தே நிமிஷத்தில் ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பு வரிகள். இரண்டு ரேமையும் தனித்தனியாக மாட்டிப் பார்த்ததில் ஒன்று பாஸ், இன்னொன்று ஃபெயில். ஃபெயிலானதை வெளியே எடுத்தால், தங்க நிறத்தில் பளபளக்க வேண்டிய பல் வரிசை சாம்பல் பூத்துக் கிடந்தது. கடல் காற்று! எங்கள் தெருவில் சைக்கிள் செயினையும் ஜன்னல் கம்பியையும் தின்கிற அதே காற்று.

பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் துடைத்தோம். அப்பா பழைய பெயின்ட் பிரஷ்ஷால் ஸ்லாட்டைத் தட்டிவிட்டார். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடியது. விடிந்து பார்த்தால் எரர் பூஜ்யம்! அரைகுறையாகக் கம்பைலான பழைய ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டு, முதலிலிருந்து ஓட்டினேன். கோளாறான ரேமில் பிறந்த ஃபைலை நம்பக் கூடாது இல்லையா! மூன்றரை மணி நேரம் ஓடி முடிந்தது. ரீபூட் பண்ணினேன். என் சிஸ்டம் கால், கர்னல் லாகில் 'வணக்கம்' என்று ஒரு வரி எழுதியது. செலவு, ரப்பருக்கு அஞ்சு ரூபாய்.

வீடியோ ஓடும், கம்பைல் ஓடாது... ஏன்?

வீடியோ ஓடும்போது ரேமில் ஒரு பிட் புரண்டால், ஸ்க்ரீனில் ஒரு புள்ளி நிறம் மாறும். கண்ணுக்கே தெரியாது. கம்பைலர் அப்படி இல்லை. ரேம் முழுக்க 'அடுத்த தகவல் அந்த முகவரியில் இருக்கு' என்கிற சீட்டுகளாக வைத்திருக்கும். முகவரியில் ஒரு பிட் புரண்டால் போதும், யார் வீட்டுக்கோ போய்க் கதவைத் தட்டி உதை வாங்கும். அதுதான் சிக்னல் 11. கர்னல் கம்பைல்தான் ரேமுக்குச் சரியான பரீட்சை என்பது 1990-களிலேயே லினக்ஸ்காரர்களுக்குத் தெரியும்.

தெரிந்தவர்களையே இது ஏமாற்றும் என்பதுதான் வேடிக்கை. 2022 அக்டோபரில் சாட்சாத் லினஸ் டோர்வால்ட்ஸின் மெஷினிலேயே கம்பைல் கண்ட இடத்தில் நின்றது. புதுசாகச் சேர்த்த கர்னல் கோடில்தான் பிரச்னை என்று முதலில் நினைத்துத் தேடினார். கடைசியில் பார்த்தால், ரேம் கெட்டிருந்தது. புது ரேம் வரும்வரை சில டெஸ்ட் கம்பைல்களை லேப்டாப்பில்தான் பண்ணினார். லினக்ஸைப் பெற்றவருக்கே அந்த நிலைமை பாஸ்!

நீங்க செய்ய வேண்டியது

ஒரே எரர் ஒரே இடத்தில் வந்தால், சாஃப்ட்வேரைப் பாருங்கள். இடம் மாறி மாறி வந்தால், ஹார்டுவேரைப் பாருங்கள். ரேம் மட்டுமில்லை, சூடான பிராசஸரும் தள்ளாடுகிற பவர் சப்ளையும்கூட இதே விளையாட்டைக் காட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் குறித்துவையுங்கள். ரேமைத் தொடும் முன் பவர் கார்டைப் பிடுங்குங்கள். அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும், ஜாக்கிரதை. துடைத்தும் சரியாகாவிட்டால் ரேமை மட்டும் மாற்றினால் போதும். புது கர்னல் எழுந்திருக்கிற வரைக்கும் பழைய கர்னலை அழிக்கவே அழிக்காதீங்க.

கேட்கத் தயங்காதீங்க. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-லிருந்து இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுத 2012-ல் 'கணியம்' வந்தது. கேட்கும்போது மட்டும் 'வேலை செய்யலை' என்று சொல்லாதீங்க. எந்தக் கர்னல், எந்தக் கம்பைலர், முதல் எரர் வரி எது, அதே இடத்திலா வேறு இடத்திலா... இந்த நாலையும் சொன்னால் பாதிப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கும்.

முக்கியமா, 'போர்டு போச்சு' என்று யார் சொன்னாலும் பர்ஸைத் திறக்கும் முன்னால் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்டை ஓட விடுங்கள். அது ஃப்ரீதான் பாஸ்!