தொட்டால் சுடும்

இறுதியாண்டு ஆய்வுக்காகத் துணியில் வெள்ளி நானோ கம்பிகளைப் பூசுகிறேன் என்றதும், "வெள்ளியா? விலை என்ன ஆகும், தம்பி?" என்றுதான் அம்மா முதலில் கேட்டார்.

விளக்கினேன். நம் உடல் எந்நேரமும் அகச்சிவப்புக் கதிர்களை வெளிவிடுகிறது. 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இராணுவக் கேமராக்கள் அதை இருட்டிலும் கண்டுகொள்ளும். தோலின் உமிழ்திறன் ஏறக்குறைய 0.98. மெருகேற்றிய வெள்ளிக்கோ 0.03தான். ஆகவே, வெள்ளி பூசிய துணி வீரரின் வெப்பத்தைக் கேமராவுக்குக் காட்டாது. ஆனால், வெளியேறாத வெப்பம் உள்ளேயே தங்கும்; நம் நாட்டு வெயிலில் அவர் புழுங்கிப்போவார். இதே குணத்தைக் கொண்டு, குளிருக்கேற்ற துணியை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் உருவாக்கி, 2015இல் 'நானோ லெட்டர்ஸ்' இதழில் வெளியிட்டனர்.

ஆய்வகத்தில் எடுத்த படத்தையும் காட்டினேன். சுடச்சுடத் தேநீர் இருந்தும், பளபளக்கும் சில்வர் கோப்பை ஆறிப்போனதுபோல் தெரிந்தது.

"தொட்டா சுடும்தானே?" என்றார் அம்மா.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன புதிதில், பள்ளி வாசலில் நின்று அம்மா தமிழில் கூப்பிட்டார். புதிய நண்பர்கள் முன் காது கேளாதவன்போல் நடந்தேன். நண்பர்களே, அன்று நானும் ஒரு பூச்சைப் பூசிக்கொண்டேன். அதன் புழுக்கம் இன்னும் என்னுள் இருக்கிறது.

மறுநாள் ஆய்வேடு முழுவதையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். 'உமிழ்திறன்' என்ற சொல்லை அவர் இருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.