ஓப்பனிங் பேலன்ஸ்

பி.காம். படித்ததில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், எதைப் பார்த்தாலும் கணக்குப் புத்தகமாகத் தெரிவதுதான். (மனைவி இதை வியாதி என்கிறாள்.) ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருஷம் குப்பை கொட்டியதில் கற்றுக்கொண்ட பாடமும் ஒன்றே ஒன்று: ஓப்பனிங் பேலன்ஸ் தப்பென்றால், கீழே எத்தனை அழகாகக் கூட்டினாலும் அத்தனையும் தப்பு!

கொரோனா கணக்கில் அமெரிக்காவுக்கே இந்தக் கூத்து நடந்தது.

2020 பிப்ரவரி 29. வாஷிங்டன் மாநிலத்தில் ஒருவர் இறந்ததை, நாட்டின் முதல் கொரோனா சாவு என்று அறிவித்தார்கள். கலிபோர்னியாவில் சான்டா கிளாரா என்றொரு மாவட்டம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் கொழிக்கிற சிலிக்கன் வேலி. அவர்கள் தங்கள் முதல் சாவை மார்ச் 9 என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் அந்த மாவட்டத்துப் பிரேதப் பரிசோதனை டாக்டர்களுக்கு ஒரு சந்தேகம். வீட்டிலேயே இறந்துபோன ஒருவருக்கு மாரடைப்பு என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். ‘சரி, ஆள் போயாச்சு’ என்று ஃபைலை மூடிவிடவில்லை. எடுத்து வைத்திருந்த திசுக்களை அட்லாண்டாவில் இருக்கும் சி.டி.சி. என்கிற மத்திய நோய்த் தடுப்பு மையத்துக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 21-ல் குட்டு உடைந்தது. மூன்று பேருக்குக் கொரோனா இருந்திருக்கிறது. ஒருவர் இறந்தது மார்ச் 6. இன்னொருவர் பிப்ரவரி 17. மூன்றாமவர், பிப்ரவரி 6!

உயிரோடு இருந்தபோதே ஏன் கண்டுபிடிக்கவில்லை? டெஸ்ட்டுக்கு அத்தனை பஞ்சம். வெளிநாடு போய் வந்திருக்க வேண்டும், இன்னின்ன அறிகுறி இருக்க வேண்டும், அப்போதுதான் டெஸ்ட். பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாதவர்களை வைரஸ் தொடாது என்று யார் சொன்னார்களோ!

ஒட்டிக்கொண்ட வைரஸ் உயிரை எடுக்கச் சில வாரமாவது ஆகும். அப்படியென்றால் ஜனவரியிலேயே அது அந்த ஊரில் உலாவியிருக்கிறது. ‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’ என்று உத்தரவு போட்டதோ மார்ச் 16-ல்!

1918 விஷக் காய்ச்சலிலும் இதே கதை. இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் நுரையீரல் துண்டுகளை மெழுகில் புதைத்து ராணுவம் பத்திரப்படுத்தியிருந்தது. அதில் 68 பேருடையதைப் பரிசோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். 37 பேரிடம் வைரஸ் இருந்த அடையாளம். அதில் நாலு பேர், கொள்ளைநோய் உச்சத்துக்குப் போகும் முன்பே, மே மாதத்துக்கும் ஆகஸ்ட்டுக்கும் நடுவில் இறந்தவர்கள். தொண்ணூறு வருஷம் கழித்தும் வவுச்சர் பேசியது!

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குப் பெரியப்பா ஞாபகம்.

2020 மார்ச் முதல் வாரம். ஐந்து நாள் ஜுரம், இருமல். ஆறாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. எண்பது வயசு. ‘ஹார்ட்’ என்றார்கள். டாக்டருக்குப் படித்த அத்தை பையன் மட்டும் மெதுவாக, “ஒரு போஸ்ட்மார்ட்டம் பண்ணிப் பார்த்துடலாமே மாமா” என்று அப்பாவிடம் ஆரம்பித்தான்.

“பெரியப்பாவை அறுக்கச் சொல்றியா? வெளியே போடா!” என்று கத்தியது யார் தெரியுமா? அடியேன்தான். கூடியிருந்த சொந்தமெல்லாம் ‘பிள்ளைன்னா இவன்தான்’ என்பதுபோல் என்னைப் பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்தாம் நாள் காரியத்துக்குள் வீட்டில் நாலு பேருக்கு ஜுரம். நல்லவேளை, எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அது சாதாரண ஜுரமாகவே இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

பெரியம்மா இன்றைக்கும் கேட்கிறாள்: “ஏண்டா, அவருக்கு வந்தது அதுதானோ? நாந்தான் சரியாக் கவனிக்கலையோ?”

பதில் சொல்லத் தெரியவில்லை. வவுச்சர் இருந்திருந்தால், “உன் தப்பு இல்லை பெரியம்மா” என்று ஆதாரத்தோடு சொல்லியிருப்பேன். அதைக் கிடைக்காமல் பண்ணியவனே நான்தானே!

எந்தக் கணக்கு என்று புரியாத தொகையை ஆடிட்டர் ஆபீசில் ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’டில் எழுதி வைப்போம். என்றைக்காவது ஆதாரம் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக் கணக்கில் பெரியப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.