எல்லைக்கல் எங்கே?

பழைய ஜமீன் ஊராகிய உடையார்பாளையத்துப் பகுதியில் நான் பணியாற்றிய காலத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "சாமி, வீடு ஒன்று கிரயம் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டேன். மந்திரிப்பதற்கு நாள் குறித்துத் தாருங்கள்" என்றார். "எல்லையை அளந்தீர்களா?" என்று நான் வினவவில்லை. மகிழ்ச்சியோடு நாள் குறித்துக் கொடுத்தேன்.

பத்திரம் பதிவாயிற்று, வீடும் மந்திரிக்கப்பெற்றது. அடுத்த மாதமே கீழண்டை வீட்டுக்காரர் வந்தார். அவரும் என் பங்கைச் சேர்ந்தவரே. "அவர் சுவர் என் மனைக்குள் ஒன்றரை அடி நிற்கிறது. அந்தச் சுவர் மீதும் தாங்கள் தீர்த்தம் தெளித்தீர்களே, சாமி!" என்றார். நான் நாணித் தலைகுனிந்தேன்.

இரு குடும்பமும் பேச்சை நிறுத்தின. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட எதிரிடை அனுபவத்தைக் காட்டி வழக்காடலாம் என்று சிலர் ஆசிரியருக்கு உரைத்தனர். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அதற்கு இடந்தருவது உண்மையே. ஆயினும் சுவர் நெடுநாள் நின்றது என்பது மட்டும் போதாது; பிறர் உரிமையை வெளிப்படையாக மறுத்து அனுபவித்ததை மெய்ப்பிக்க வேண்டும். அதற்குள் எத்தனை ஆண்டுகள் கழியுமோ!

என் வேண்டுகோளின்படி இருவரும் சேர்ந்து நில அளவைக்கு மனுச் செய்தனர். புலப்படத்தை வைத்து அளந்தபோது, மிகுதி ஒன்றரை அடியன்று, பத்து அங்குலமே எனத் தெரிந்தது. சுவரை எழுப்பியவரோ விற்றவருக்கும் முந்தியவர். "சட்டம் எனக்குத் தந்தாலும் மனச்சாட்சி தராது" என்றார் ஆசிரியர். அத்துண்டுக்கு விலை கொடுத்து, தனிப் பத்திரம் பதிந்து, பட்டாவிலும் மாறுதல் செய்துகொண்டார். சுவர் இடிபடவில்லை, உறவும் இடிபடவில்லை.

வீடு வாங்கும் அன்பர்களே, வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களையே காட்டும். சுவர் நிற்கும் இடத்தைக் காட்டாது. பட்டா பரப்பைச் சொல்லும். பத்திரம் நான்கெல்லையைச் சொல்லும். உண்மையைச் சொல்வது அளவே. ஆகவே மீதித் தொகையைக் கொடுக்குமுன், அண்டை வீட்டாரையும் உடன்வைத்து அளந்துவிடுங்கள். மிகுதியோ குறைவோ தென்பட்டால், விற்பவரே அதைச் சரிசெய்யவோ விலையைக் குறைக்கவோ ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அயலானின் எல்லையை அகற்றுவோனைச் சபிக்கப்பட்டவனாகத் திருமறை கூறுவதை நாம் அறிவோம். இப்பொழுதெல்லாம் வீடு மந்திரிக்க நாள் கேட்டு வருவோரிடம் நான் முதலில் வினவுவது ஒன்றே: "அளந்தீர்களா?"