உண்டியலில் எழுதியிருந்த பெயர்

'பிரைட்' என்று ஒரு ஆங்கிலப் படம். 2014-ல் வந்தது. இயக்கம் மேத்யூ வார்ச்சஸ். ஜேன் ஆஸ்டின் நாவல் என்று நினைத்துக் கிளம்பினால்... அது இல்லை! வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களுக்காக லண்டனில் கே, லெஸ்பியன் இளைஞர்கள் உண்டியல் குலுக்கிய உண்மைக் கதை. சுங்குவார்சத்திரம் வழியாகப் பஸ்ஸில் போய் வருகிறவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஏன் என்பது பிறகு.

1984 மார்ச். தாட்சர் ஆட்சி. சுரங்கங்களை மூடப்போகிறார்கள் என்று வேலைநிறுத்தம் தொடங்குகிறது. மார்க் ஆஷ்டன் என்ற இளைஞருக்கு ஒன்று உறைக்கிறது: இத்தனை நாள் நம்மைத் துரத்திய போலீஸ் இப்போது அவர்களைத் துரத்துகிறது. உடனே நண்பர்களோடு வசூலில் இறங்கிவிடுகிறார். பணம் சேர்கிறது, வாங்கத்தான் ஆளில்லை. போன் போட்டால், குழுவின் பெயரைக் கேட்டதும் வைத்துவிடுகிறார்கள். கடைசியில் வேல்ஸில் டுலைஸ் பள்ளத்தாக்கு மக்கள் வாங்கிக்கொள்கிறார்கள். நன்றி சொல்ல வரும் டாய் டோனோவன், குழுப் பெயரில் உள்ள 'எல்' என்றால் லண்டன் என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பார். லெஸ்பியன் என்று தெரிந்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சிரிப்புக் காட்சிதான். ஆனால் படத்தின் முடிச்சே அங்கேதான். 'நலம் விரும்பிகள்' என்று போட்டு அனுப்பியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. அவர்கள் பெயரை மறைக்கவில்லை. 1984 டிசம்பர் 10 அன்று கேம்டனில் ஒரு கச்சேரி நடத்தினார்கள். தங்கள்மேல் வீசப்பட்ட வசவுச் சொல்லையே தலைப்பில் சேர்த்தார்கள். வசூல் 5,650 பவுண்டு.

இப்போது சுங்குவார்சத்திரம். 2024 செப்டம்பர் 9-ல் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆயிரம் பேருக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள் நடந்தது. சம்பள உயர்வும் கேட்டார்கள்தான், ஆனால் பெரிய இழுபறி ஒரு பெயரில். சிஐடியு துணையோடு தொடங்கிய சங்கத்தைப் பதிவு செய்யக் கேட்டார்கள். சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக்கூடாது என்றது நிர்வாகம். பிராண்ட் பெயர் கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று பி.காம்காரர்கள் படித்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு மதிப்பு சேர்த்ததில் ஃபிரிட்ஜ் பூட்டிய கைக்கும் பங்கு உண்டா? எந்த அக்கவுண்டன்சி புத்தகத்திலும் இதற்கு ஜர்னல் என்ட்ரி கிடையாது :-)

செப்டம்பர் 16-ல் ஊர்வலம் கிளம்பியவர்களில் 104 பேரைப் போலீஸ் பிடித்து வைத்தது. அக்டோபரில் பந்தலையும் பிரித்தார்கள். 2025 ஜனவரி 27-ல் சங்கம் பதிவானது, 'சாம்சங்' என்ற பெயரோடேயே.

பந்தலுக்குக் கட்சிகள் வந்தன, மற்ற சங்கங்கள் வந்தன. ஒரு திருநங்கையர் குழு தங்கள் பெயரை எழுதிய உண்டியலோடு வந்திருந்தால்? வாங்கியிருப்பார்களா, சிரித்திருப்பார்களா? படத்தில் டுலைஸிலும் முதலில் முறைத்தவர்கள் உண்டு.

அந்த வேலைநிறுத்தம் 1985 மார்ச்சில் தோற்றது. ஜூன் மாதம் லண்டனில் நடந்த பிரைட் ஊர்வலத்துக்கு முன்னால் சங்கக் கொடியோடு நடந்தவர்கள் வேல்ஸ் சுரங்கக்காரர்கள். அதே வருடம் தொழிற்கட்சி மாநாட்டில் கே, லெஸ்பியன் உரிமைத் தீர்மானம் நிறைவேறியபோது சுரங்கச் சங்கத்தின் ஓட்டுகளும் அதற்கு விழுந்தன. மார்க் ஆஷ்டன் 1987 பிப்ரவரியில் எய்ட்ஸால் இறந்தார். வயது 26.

உண்டியல் பணத்தில் டுலைஸ்காரர்களுக்கு ஒரு வேன் வாங்கித் தந்திருந்தார்கள். வேல்ஸ் கிராமங்களில் அது ஓடியது. கொடுத்தது யார் என்று அதன் பக்கவாட்டில் முழுப் பெயரும் எழுதியிருந்தது.