எடை இறங்க மறுக்கும் நாட்கள்

எடை குறைக்கத் தொடங்குபவர்களுக்கு முதல் மாதம் ஒரு திருவிழா மாதிரி. எடைக்கருவியில் ஏறும்போதெல்லாம் ஒரு கிலோ, அரைக் கிலோ என்று குறைந்துகொண்டே வரும். பழைய சட்டை தொளதொளக்கும். பார்ப்பவர்கள் எல்லாம் "என்ன, இளைச்சிட்டீங்க?" என்று விசாரிப்பார்கள். பிறகு ஒரு நாள் முள் நின்றுவிடும். அதே சாப்பாடு, அதே நடை, அதே வியர்வை. ஆனால் ஒரு மாதம் ஆனாலும் நூறு கிராம்கூட அசையாது. இதைத்தான் தேக்க நிலை என்கிறார்கள்.

பலர் முயற்சியைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். சிலர் "நம்ம உடம்பு வாகே இப்படித்தான்" என்று பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சிலர் அதற்கு நேர் எதிராக இரவுச் சாப்பாட்டையும் நிறுத்தி, தலைமுடி கொட்டி, தலை சுற்றி விழும் வரை போகிறார்கள். தேக்கம் ஏன் வருகிறது என்று தெரிந்தால் இந்த இரண்டு பள்ளத்திலும் விழ வேண்டியதில்லை.

முதல் மாதத்தின் வேகம்

முதல் சில வாரங்களில் குறைவது முழுக்கக் கொழுப்பு அல்ல. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் காலியாவது இந்தச் சேமிப்புதான். கூடவே தண்ணீரும் வெளியேறும். அதனால் எடை மளமளவென்று இறங்கும். அந்த வேகத்தையே எப்போதும் எதிர்பார்ப்பவருக்குப் பிறகு வரும் சாதாரண வேகம்கூடத் தேக்கமாகத் தெரியும்!

காணாமல் போக வேண்டிய மனிதர்

1958ல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு பவுண்டு உடல் எடைக்கு 3500 கலோரி என்று கணக்கிட்டார். அதிலிருந்து ஒரு வாய்ப்பாடு பிறந்தது. தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் குறையும் என்பதுதான் அது. பல ஆண்டுகள் உணவு ஆலோசனைகளிலும் பத்திரிகைகளிலும் இதுவே வேதவாக்கு. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நீட்டினால் 70 கிலோ மனிதர் மூன்றே வருடத்தில் காணாமல் போய்விட வேண்டும்!

தவறு எங்கே? உடம்பு ஒரே அளவில் செலவு செய்துகொண்டே இருக்கும் என்று இந்த வாய்ப்பாடு நினைக்கிறது. உண்மையில் எடை குறையக் குறையச் செலவும் குறைகிறது. சிறிய உடம்பைச் சுமந்து நடக்கக் குறைவான சக்தி போதும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்த கெவின் ஹால், ஒவ்வொரு கிலோ குறையும்போதும் உடம்பின் தினசரிச் செலவு சுமார் 20 முதல் 30 கலோரி வரை குறைகிறது என்று கணக்கிட்டார். ஒருவர் தினம் 500 கலோரி குறைத்துச் சாப்பிடத் தொடங்கி 10 கிலோ இறங்கிவிட்டார் என்றால், உடம்பின் செலவு 200 முதல் 300 கலோரி குறைந்திருக்கும். ஆரம்பத்தில் இருந்த பற்றாக்குறையில் பாதி தானாகவே போய்விட்டது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை.

பசியின் கதை இன்னும் சுவாரசியமானது. கனாக்ளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மருந்து, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். சாப்பிடுபவருக்குத் தெரியாமலே கலோரி வெளியே போகும். அந்த மருந்தை எடுத்தவர்களின் எடையை வைத்து ஹால் குழுவினர் 2016ல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒரு கிலோ குறைந்தால் பசி நாளொன்றுக்கு சுமார் 100 கலோரி கூடுகிறது. அதாவது செலவு குறைவதைவிட மூன்று நான்கு மடங்கு வேகத்தில் பசி ஏறுகிறது. தேக்கத்தின் பெரிய பங்கு இங்கேதான் இருக்கிறது. முதல் மாதம் கட்டுப்பாடாகச் சாப்பிட்டவர், ஆறாவது மாதத்தில் தன்னை அறியாமலே ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்கிறார். அது சோம்பேறித்தனம் அல்ல, உடம்பு கேட்கிறது.

36 இளைஞர்களின் பட்டினி

இரண்டாம் உலகப் போர் முடியும் தருவாயில், ஐரோப்பாவில் பட்டினியால் வாடியவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர் ஆன்சல் கீஸ். மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 1945ல் 24 வாரங்களுக்கு அவர்கள் உணவு ஏறத்தாழப் பாதியாக, சுமார் 1570 கலோரியாகக் குறைக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி போன்றவைதான் உணவு. வாரத்துக்கு 22 மைல் நடக்கவும் வேண்டும்.

அவர்கள் உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கரைந்தது. ஓய்வில் உடம்பு செய்யும் செலவு சுமார் 40 சதவீதம் வீழ்ந்தது. இதில் பெரும்பகுதி உடம்பு சுருங்கியதால் வந்தது. மீதி உடம்பு தானே பிடித்த சிக்கனம். நாடித் துடிப்பு குறைந்தது. கோடையிலும் குளிர்ந்தது. கணுக்கால்கள் நீர் கோத்து வீங்கின. அந்த நீர், உள்ளே கரைந்த சதையைத் தராசிலிருந்து மறைத்தது. சமையலில் ஆர்வமே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள்! பட்டினியை அதிகப்படுத்தித் தேக்கத்தை உடைக்க நினைப்பவர்கள் இந்த இளைஞர்களை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் காலத்து உதாரணம் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி. ஒரே பருவத்தில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்த ஆய்வு 2016ல் வெளியானது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்கள் உடல் அளவுக்கு எதிர்பார்ப்பதைவிட ஓய்வுச் செலவு சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஆனால் அவர்களிலும் சிலர் எடையைப் பெருமளவு தக்கவைத்தார்கள். அவர்களிடம் இருந்த முக்கிய வேறுபாடு, உடலுழைப்பைக் கூட்டி அதை விடாமல் வைத்திருந்தது.

என்ன செய்யலாம்?

1. முதலில் இது தேக்கம்தானா என்று பார்க்க வேண்டும். உப்பு, மாதவிடாய், மலச்சிக்கல், புதிய உடற்பயிற்சி எல்லாம் ஒன்றிரண்டு கிலோ தண்ணீரைத் தேக்கி வைக்கும். தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை எழுதி வைப்பது நல்லது. நான்கு வாரச் சராசரி அசையவில்லை, இடுப்பளவும் குறையவில்லை என்றால்தான் தேக்கம்.

2. சாப்பாட்டை மறுபடி எண்ண வேண்டும். "1200 கலோரிக்கு மேல் சாப்பிடுவதே இல்லை, ஆனாலும் குறையவில்லை" என்றவர்களை 1992ல் அமெரிக்காவில் சோதித்தார்கள். அவர்கள் தாங்கள் உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்ல. தாளிக்கும் எண்ணெய், காப்பியில் சர்க்கரை, பிள்ளைகள் மிச்சம் வைத்தது ஆகியவை நினைவில் நிற்பதில்லை. ஒரு வாரம் எண்ணெயைக் கரண்டியால் அளந்தாலே உண்மை தெரிந்துவிடும்.

3. இலக்கைப் புதிய எடைக்கு மாற்ற வேண்டும். 85 கிலோவில் போட்ட திட்டம் 75 கிலோவுக்குப் பொருந்தாது. உணவில் 100, 150 கலோரி குறைத்து, நடையில் அரை மணி கூட்டினால் போதும்.

4. புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் முக்கியம். பருப்பு, முட்டை, மீன், தயிர் எல்லாம் பசியை அடக்க உதவும். பயிற்சி தசையைக் காக்கும். ஆனால் தசை வளர்ந்தால் உடம்பு தானாக எரிக்கும் என்பது மிகைப்படுத்தல். ஒரு கிலோ தசை ஓய்வில் செலவழிப்பது நாளொன்றுக்குச் சுமார் 13 கலோரிதான்.

5. தூக்கத்தை விடக் கூடாது. 2010ல் சிகாகோவில் நடந்த சிறிய ஆய்வில், ஒரே உணவுக் கட்டுப்பாட்டில் எட்டரை மணி நேரம் படுத்தபோதும் ஐந்தரை மணி நேரம் படுத்தபோதும் எடை ஏறத்தாழ ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் குறைவாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் குறைவு. மீதி பெரும்பாலும் சதை.

6. இடைவேளை விடலாம். இரண்டு வாரம் கட்டுப்பாடு, இரண்டு வாரம் எடை ஏறாத அளவுக்குச் சாப்பாடு என்று மாற்றி மாற்றி இருந்தவர்கள் அதிகம் குறைத்ததாக 2017ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது. பின்னர் வந்த ஆய்வுகளில் அந்த லாபம் தெரியவில்லை. ஆனாலும் களைத்துப் போனவருக்கு இடைவேளை மனதுக்கு நல்லது.

7. சோர்வு, குளிர் தாங்காமை, மாதவிடாய்க் கோளாறு இருந்தால் மருத்துவரைப் பார்ப்பதே சரி. தைராய்டு குறைபாடும் ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் எடையைப் பிடித்து வைக்கும்.

தராசுக்குத் தெரியாதது

புதிய ஊசி மருந்துகளுக்கும் தேக்கம் உண்டு. 2021ல் வெளியான செமாக்ளூடைடு சோதனையில் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. ஆனால் சுமார் 60 வாரங்களில் கோடு தட்டையாகிவிட்டது. ஆக, தேக்கம் வராத வழி என்று ஒன்று இல்லை. இன்னொரு விதத்தில், தேக்கம் என்பது குறைத்த எடையைக் காப்பாற்றும் நிலையும்தான். 10 கிலோ குறைந்து அங்கேயே ஒரு வருடம் நிற்பவர் தோற்றவர் அல்ல.

சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006ல் வெளியானது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரில், உணவையும் நடையையும் ஒழுங்கு செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை! முள் அசையாவிட்டாலும் இரத்தத்தில் சர்க்கரை அடங்கியது.

நடந்த நடையும் குறைத்த எண்ணெயும் வீணாவதில்லை. தராசு காட்டுவது எடையை மட்டும்தான். தேக்கம் வந்த மாதத்தில் ஒருவர் எடுக்க வேண்டிய முதல் முடிவு, இன்னும் எவ்வளவு குறைப்பது என்பதல்ல. இதுவரை செய்ததை நிறுத்தாமல் இருப்பதுதான்.